எரிச்சலும் ஒரு கறைதான்: கோலாலம்பூர் மருந்தகத் தட்டில் எதை எடுக்கலாம், எதை விடலாம்

பிரிக்பீல்ட்ஸ், மஸ்ஜிட் இந்தியா, புக்கிட் பிந்தாங் என எங்கே போனாலும் கார்டியன், வாட்சன்ஸ், கேரிங் கடைகளில் முகப்பூச்சுத் தட்டுகள் ஒரே மாதிரிதான் அடுக்கப்பட்டிருக்கின்றன. பிராண்டு வாரியாக ஓர் அடுக்கு, 'பிரைட்டனிங்', 'ஒயிட்டனிங்' என்ற வாக்குறுதி வாரியாக இன்னோர் அடுக்கு. பரு போன இடத்துக் கறுப்புக்கு எது, ஹெல்மெட் போட்டு வரும் நெற்றிப் பொரிக்கு எது, மங்குக்கு எது என்று தேடி வருபவருக்கு அந்த அடுக்கு எதுவும் சொல்லாது. அதனால் இந்த விமர்சனம் பொருள்களைச் சிக்கல் வாரியாகப் பிரித்துப் பார்க்கிறது. விலையை எழுதவில்லை. வாரத்துக்கு ஒரு சலுகை மாறும் ஊர் இது. ஒரு மில்லிலிட்டருக்கு எவ்வளவு என்று கைப்பேசியில் வகுத்துப் பார்ப்பதே சரியான ஒப்பீடு. 'இரண்டு வாங்கினால்' சலுகை பல நேரம் முடியாத குப்பியைத்தான் வீட்டில் சேர்க்கும்.

எடைபோட்ட அளவுகோலை முதலிலேயே சொல்லிவிடலாம். மாநிறம் முதல் கறுப்பு வரையுள்ள நம் தோலில் எந்த அழற்சியும் கறையை விட்டுவிட்டுத்தான் போகும். பரு ஒரு வாரத்தில் அடங்கும், அது விட்ட கறுப்புத் தடம் நான்கைந்து மாதம் நிற்கும். பருவைப் போக்கப் பூசிய மருந்து எரிச்சல் தந்து தோல் உரிந்தாலும் அதே தடம்தான் மிச்சம். வெள்ளைத் தோலுக்கு எழுதப்பட்ட 'வீரியம் கூடினால் பலன் கூடும்' என்ற கணக்கு இங்கே திரும்பி அடிக்கும். ஒரே வேலையைச் செய்யும் இரண்டு பொருள்களில் சாதுவானதற்கே இங்கே அதிக மதிப்பெண்.

சன்ஸ்கிரீன்: தட்டிலேயே உருப்படியான பகுதி

கோலாலம்பூர் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே 3 பாகைதான். நண்பகலில் புற ஊதாக் குறியீடு 11-ஐத் தாண்டுவது இங்கே சாதாரணம். 3 வந்தாலே பாதுகாப்புத் தேவை என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் அளவு. மேகம் மூடிய நாளிலும் கதிர் கணிசமாக இறங்கும். புற ஊதாக் கதிரில் யுவிஏ என்ற வகை கண்ணாடி வழியாகவும் வரும். இங்கே கார் ஓட்டுபவரின் வலக்கன்னமும் வலக்கையும் இடப்பக்கத்தைவிடக் கறுத்திருப்பதைப் பலரிடம் பார்க்கலாம்.

'கறுப்புத் தோலுக்கு எதற்குச் சன்ஸ்கிரீன்' என்ற பேச்சு நம் வீடுகளில் இன்னும் உண்டு. தோல் சிவந்து வெந்துபோவது நமக்குக் குறைவு என்பது உண்மை. ஆனால் கறை ஆழமாவதும் மங்கு படர்வதும் குறைவதில்லை. கறைக்கு விலையுயர்ந்த சீரம் வாங்கிவிட்டுச் சன்ஸ்கிரீன் பூசாமல் இருப்பது பணத்தை வடிகாலில் கொட்டுவதுதான்.

பெட்டியில் இரண்டு குறிகளைப் பாருங்கள். வெயிலில் தோல் வேகாமல் காக்கும் அளவான எஸ்பிஎஃப் 30-க்கு மேல், முடிந்தால் 50. அடுத்து பிஏ என்ற எழுத்துக்குப் பின் எத்தனை கூட்டல் குறி. யுவிஏ காப்பைச் சொல்வது அதுதான். நான்கு கூட்டல் இருப்பதை எடுங்கள். ஐரோப்பியத் தயாரிப்புகளில் பிஏ இல்லாவிட்டால் வட்டத்துக்குள் யுவிஏ என்ற முத்திரை இருக்கும்.

அளவில்தான் பெரும்பாலோர் கோட்டைவிடுகிறார்கள். ஆய்வகத்தில் எஸ்பிஎஃப் அளக்கும்போது ஒரு சதுரச் சென்டிமீட்டருக்கு 2 மில்லிகிராம் பூசுகிறார்கள். முகத்துக்கும் கழுத்துக்கும் அது சுட்டுவிரல், நடுவிரல் இரண்டின் முழு நீளத்துக்கும் இழுத்த கோடு, ஏறக்குறைய ஒன்றேகால் கிராம். 50 கிராம் டியூப்பில் 40 முறை வரும். காலையும் மதியமும் பூசினால் 20 நாள். நாளுக்கு ஒருமுறை மட்டும் பூசி அந்த டியூப் 3 மாதம் ஓடுகிறது என்றால் நீங்கள் பூசுவது அரை கிராமுக்குச் சற்று மேல். தேவையில் பாதிகூட இல்லை. எண் 50 என்று அச்சிட்டிருப்பதால் 50 கிடைத்துவிடாது. எனவே அளவோடு தினமும் பூச உங்கள் பணப்பை தாங்குகிற பொருளே உங்களுக்குச் சிறந்தது. ஒருமுறையில் முழு அளவும் ஒட்டாமல் வழிந்தால் பாதியைப் பூசி ஓரிரு நிமிடம் விட்டு மீதியைப் பூசுங்கள். காது மடல், பின்கழுத்து, உதட்டுக்கு மேல்பகுதி மூன்றும் மறந்துபோகும் இடங்கள்.

இனிப் பொருள்கள்.

பியோரே யுவி அக்வா ரிச் வாட்டரி எசென்ஸ்: எண்ணெய்த் தோலுக்கும் மாநிறத்துக்கும் முதலில் எடுக்க வேண்டியது இதுதான். வெண்படலம் இல்லை, ஒரு நிமிடத்தில் உள்ளே போகிறது, மேலே ஒப்பனை நிற்கிறது. குறை, ஆல்கஹால் தூக்கல். தோல் ஏற்கெனவே உரிந்திருந்தால் சுரீரென்று எரியும். வியர்த்தால் கண்ணுக்குள் இறங்கி நீர் வழியும். கண்ணைச் சுற்றி மட்டும் ஸ்டிக் வகைச் சன்ஸ்கிரீனைப் பூசினால் அது கீழே இறங்காது.

சன்பிளே, ஸ்கின் அக்வா வரிசை: ரோட்டோ நிறுவனத்தின் தயாரிப்பு, எந்தக் கிளைக் கடையிலும் கிடைக்கும். நீரைப்போன்ற ஜெல் வகைகள் நன்று. ஆனால் இதே வரிசையிலும் மற்ற ஆசிய பிராண்டுகளிலும் 'டோன் அப்' என்று இளஞ்சிவப்பு, ஊதா நிறத்தில் வருபவற்றைத் தொடாதீர்கள். மஞ்சள் கலந்த வெளிர் தோலைப் பளிச்சென்று காட்ட நிறமி சேர்த்தவை அவை. நம் முகத்தில் சாம்பல் பூசியது போல் நிற்கும், அதுவும் திருநீற்று அழகில்லாமல்.

அனெஸ்ஸா பெர்ஃபெக்ட் யுவி மில்க்: குலுக்கிப் பூசும் வகை. நீருக்கும் வியர்வைக்கும் தாக்குப்பிடிப்பதில் முன்னணி. விளையாட்டு, நீச்சல், வெளிவேலை என்றால் இதற்குக் கொடுக்கும் காசு வீணில்லை. துத்தநாக ஆக்சைடு இருப்பதால் கறுத்த தோலில் இலேசான வெளிறல் தெரியும். இரவில் வெறும் ஃபேஸ்வாஷுக்கு இது அசையாது. முதலில் எண்ணெய் வகைக் கிளென்சர் வேண்டும். அலுவலகத்துக்குப் போய் வருபவருக்கு இவ்வளவு தேவையில்லை.

லா ரோஷ் போசே அந்தெலியோஸ் யுவிமியூன் 400: நீண்ட அலை யுவிஏவையும் தடுக்கும் மெக்சோரில் 400 என்ற வடிகட்டி இதன் சிறப்பு. மங்கு உள்ளவர்களுக்கு இந்தத் தட்டிலேயே பொருத்தமானது, விலையும் அதற்கேற்ற மாதிரி. ஈரப்பதம் மிகுந்த மதிய வேளையில் முகம் மினுமினுக்கும்.

மங்குக்காரர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். கண்ணுக்குத் தெரியும் ஒளியும், குறிப்பாக அதன் நீலப் பகுதி, நம் தோலில் மங்கு படர்வதைக் கிளறிவிடும். அதைத் தடுப்பது இரும்பு ஆக்சைடு. நிறம் சேர்த்த சன்ஸ்கிரீனிலும் ஃபவுண்டேஷனிலும் அது இருக்கும். சிக்கல் என்னவென்றால் இங்கே விற்கும் நிறம் சேர்த்த சன்ஸ்கிரீன்களில் பெரும்பாலானவை ஒரே ஒரு வெளிர் சாயலில் வருகின்றன. மூன்று இனத்தவர் வாங்கும் கடையில் ஒரே சாயலை வைப்பது வணிகமாகவே விளங்கவில்லை. அதுவரை வழி, சாதாரண சன்ஸ்கிரீனுக்கு மேல் உங்கள் நிறத்துக்கு ஏற்ற ஃபவுண்டேஷனோ காம்பாக்ட் பவுடரோ போடுவது.

வெளியே இருந்தால் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மீண்டும் பூச வேண்டும். அலுவலகத்துக்குள் இருப்பவர் மதிய உணவுக்கு இறங்குமுன் ஒருமுறை பூசினால் போதும்: டிஷ்யூவால் எண்ணெயை ஒற்றியெடுத்து, அதன்மேல். தைப்பூசத்துக்கு மொட்டை போட்டுப் பத்துமலையில் காலை முதல் நிற்பவர்கள் சந்தனம் வெயிலைத் தடுக்கும் என்று நம்பிவிட வேண்டாம். குளிர்ச்சி உண்டு, காப்புக்குக் கணக்கில்லை. தலைச் சிராய்ப்பு ஆறியிருந்தால் ஆல்கஹால் இல்லாத சன்ஸ்கிரீன், இல்லையேல் துண்டு.

வெயிலில் நிறுத்திய காரின் டாஷ்போர்டில் சன்ஸ்கிரீனை வைக்காதீர்கள். நீரும் எண்ணெயும் பிரிந்துவிட்ட டியூப்பில் எந்தக் காப்பும் சீராக இருக்காது.

முகம் கழுவ

இதற்கு அதிகம் செலவழிக்கத் தேவையில்லை. ஒரு நிமிடத்தில் வடிகாலுக்குப் போகிற பொருள். கழுவியபின் தோல் இழுத்துப் பிடித்தால் அது சுத்தத்தின் அடையாளம் இல்லை, வீரியம் கூடிவிட்டது என்று பொருள். மெடிமிக்ஸ், மைசூர் சாண்டல் போன்ற சோப்புகள் உடம்புக்குச் சரி. அமில-கார அளவான பிஎச் சோப்பில் 9, 10 வரை போகும். தோலின் இயல்பு 5-ஐ ஒட்டியது. முகத்துக்கு வேண்டாம்.

செராவே ஃபோமிங் கிளென்சர் எண்ணெய்த் தோலுக்கு நடுநிலையான தேர்வு: நுரை வரும், இழுக்காது, வாசனை சேர்க்கவில்லை. பெரிய பம்ப் குப்பி கணக்குக்கு மலிவு. செட்டாஃபில் ஜென்டில் ஸ்கின் கிளென்சர் வறண்ட தோலுக்கும் மருந்தால் உரிந்த தோலுக்கும் ஏற்றது. ஆனால் நீர் எதிர்ப்புச் சன்ஸ்கிரீனை அது மட்டும் எடுக்காது. 'பூசியும் முகம் பிசுபிசுக்கிறது, பரு கூடுகிறது' என்பவர்களில் பலருக்குக் காரணம் முந்தைய நாள் சன்ஸ்கிரீன் முழுதாகப் போகாததுதான். ஹிமாலயா வேப்பிலை ஃபேஸ்வாஷ் வேப்பிலைக்காக வாங்கப்படுகிறது. கழுவிவிடும் பொருளில் வேப்பிலை தோலில் நிற்கும் நேரம் மிகக் குறைவு. வாசனை ஒத்துக்கொண்டால் சாதாரண ஃபேஸ்வாஷாக எடுத்துக்கொள்ளலாம், பரு மருந்தாக இல்லை.

வால்நட் ஓட்டுத்தூள் ஸ்க்ரப், எலுமிச்சைச் சாறு இரண்டுக்கும் பூஜ்ஜியம். எலுமிச்சையும் லீமாவ் நிப்பிஸ் என்ற சிறு எலுமிச்சையும் இன்னும் மோசம். சாறு பட்ட தோலில் வெயில் பட்டால் கொப்புளித்து, வழிந்த வடிவத்திலேயே கறுப்புக் கோடு நிற்கும். கடலைமாவு பரவாயில்லை, தேய்க்காமல் குழைத்துக் கழுவினால். பெடாக் செஜோக் என்ற அரிசிப் பொடி குளிர்ச்சிக்கும் எண்ணெய் ஒற்றுவதற்கும் நல்லது. வறண்ட தோலை மேலும் வறட்டும்.

பரு என்று நினைப்பது எல்லாம் பரு இல்லை

மருந்தகத்தில் தவறான பொருள் கைமாறுவது இந்த இடத்தில்தான் அதிகம். கண்ணாடியில் பாருங்கள். கரும்புள்ளி, வெண்புள்ளி, சிவந்த கட்டி, சீழ் என்று வெவ்வேறு அளவில் கலந்திருந்தால் அது பரு. எல்லாம் ஒரே அளவில், கடுகு கடுகாக, நெற்றி, முடியோரம், மார்பு, முதுகில் வந்து, அரிக்கவும் செய்தால் அது மலசீசியா என்ற பூஞ்சை மயிர்க்காலில் செய்யும் வேலையாக இருக்க வாய்ப்பு அதிகம். வியர்வையும் ஈரமும் அதற்குச் சோறு. காப்சாய் என்ற சிறிய மோட்டார்சைக்கிளில் ஹெல்மெட்டோடு தினமும் வேலைக்குப் போகிறவர்களுக்கு நெற்றியில் வருவதும் பலமுறை இதுதான். பரு மருந்து இதற்குப் பயன்படாது; பருவுக்கென்று விழுங்கிய ஆன்டிபயாட்டிக் இதைக் கூட்டிவிடும்.

இதற்கு முகப்பூச்சுத் தட்டில் மருந்து இல்லை, ஷாம்பு பக்கம் போக வேண்டும். 2 விழுக்காடு கீட்டோகோனசோல் உள்ள நிசோரல் போன்ற ஷாம்புவை மருந்தாளரிடம் கேட்டு வாங்குங்கள். பாதிக்கப்பட்ட இடத்தை நனைத்து, நுரைத்து, 5 நிமிடம் விட்டுக் கழுவ வேண்டும். பூசிய உடனே கழுவுவதுதான் 'அது வேலை செய்யவில்லை' என்பதற்கு முதல் காரணம். எத்தனை நாள் என்பதை மருந்தாளர் சொல்வார். கண்ணில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். முதுகிலும் கழுத்திலும் வெளிறிய திட்டாக வரும் தேமலும் இதே பூஞ்சையின் வேலை; அதற்குப் பெட்டியில் எழுதியிருப்பது நாளுக்கு ஒருமுறை, அதிகபட்சம் 5 நாள். தேமலைச் 'சத்துக்குறைவு' என்று சொல்லிக் கீரை கொடுப்பது நம் வீட்டு வழக்கம். கீரை நல்லதுதான், தேமலுக்கு அது தெரியாது. பூஞ்சை செத்தபின்னும் நிறம் திரும்பச் சில மாதம் ஆகும். அதுவரை மருந்து தோற்றுவிட்டது என்று மாற்றிக்கொண்டே இருக்க வேண்டாம். ஹெல்மெட்டின் உள் துணியைக் கழற்றித் துவைத்து வெயிலில் காயவைப்பது இந்த மருந்துக்குச் சமமான வேலை.

தலைக்கு வைக்கும் தேங்காய் எண்ணெய் நெற்றிக்கு இறங்கினாலும் முடியோரத்தில் அடைப்புப் பரு வரும். எண்ணெய் வைக்கும் வழக்கத்தை விடச் சொல்லவில்லை. குளிப்பதற்கு ஒரு மணி நேரம் முன்னால் வைத்து அலசிவிடுங்கள். இரவு முழுக்கத் தலையணையோடு விட வேண்டாம்.

உண்மையான பருவுக்கு வருவோம். தட்டில் பழைய நம்பிக்கை ஆக்ஸி 5, ஆக்ஸி 10. இவற்றில் இருப்பது பென்சாயில் பெராக்சைடு, நன்றாக வேலை செய்யும் மருந்து. 10-ஐ எடுப்பதுதான் தவறு. 2.5, 5, 10 விழுக்காடுகளுக்கிடையே பலனில் பெரிய வேறுபாடு இல்லை, எரிச்சலில் இருக்கிறது. நம் தோலுக்கு 5-க்கு மேல் தேவையே இல்லை. ஆக்ஸி 5-ஐ முதல் இரண்டு வாரம் இப்படிப் பயன்படுத்துங்கள்: முகம் கழுவி முழுதாகக் காயவிட்டு, பரு வரும் பகுதி முழுக்க மெல்லிசாகப் பூசி, 5 நிமிடத்தில் கழுவிவிட்டு மாய்ஸ்சரைசர். தோல் தாங்கினால் நேரத்தைக் கூட்டலாம். முளைத்த பருவின் தலையில் மட்டும் குவித்து வைத்தால் அந்த இடம் வெந்து கறுக்கும், பக்கத்தில் அடுத்தது முளைக்கும். வெள்ளைத் துண்டு, வெள்ளைத் தலையணை உறை வைத்துக்கொள்ளுங்கள். வண்ணத் துணியை இது வெளுத்துவிடும். முகத்தில் பூசிக்கொண்டு பட்டுப்புடவை கட்டக் கூடாது.

கரும்புள்ளியும் வெண்புள்ளியும் அதிகம், சிவந்த கட்டி குறைவு என்றால் 2 விழுக்காடு சாலிசிலிக் அமிலம் பொருத்தம். வாரம் இரண்டு இரவில் தொடங்கி, அதிகபட்சம் ஒருநாள் விட்டு ஒருநாள். பவுலாஸ் சாய்ஸ் திரவம் பெயர்பெற்றது, தகுதியும் உண்டு; அதை முதல் வாரமே காலை மாலை தேய்ப்பவர்களிடம்தான் புகார் வரும். ஆஸ்பிரின் ஒவ்வாமை உள்ளவர்கள் இதைத் தவிர்க்கட்டும்.

நீண்டகாலத்துக்குச் சிறந்தது அடாபலீன் 0.1 விழுக்காடு ஜெல். இது மருந்து, சீரம் இல்லை. மருந்தாளரிடமோ மருத்துவரிடமோ கேட்டே வாங்க வேண்டும். கர்ப்பமாக இருப்பவர்களும் அதற்குத் திட்டமிடுபவர்களும் பூசக் கூடாது. இரவில், முகம் முழுக்கச் சேர்த்து ஒரு பட்டாணி அளவு. மூக்கோரம், வாயோரம், கண்ணோரம் முன்கூட்டியே வாசலின் தடவிவிட்டால் அங்கே வெடிக்காது. முதல் மாதம் வாரம் இரண்டு இரவு. முதல் ஆறு வாரத்தில் பரு கூடியது போலத் தோன்றலாம். 12 வாரத்துக்கு முன் தீர்ப்பு எழுத வேண்டாம்.

ஒரே நேரத்தில் இந்த மூன்றையும் வாங்குபவர்கள் உண்டு. ஒன்றைத் தொடங்கி இரண்டு வாரம் கழித்தே அடுத்ததைச் சேருங்கள். இல்லையேல் எது எரித்தது என்று தெரியாமல் மூன்றையும் எறிய வேண்டி வரும்.

ஆண்களுக்கு ஒரு சொல். தாடையிலும் கழுத்திலும் சவரத்துக்குப் பின் வரும் பொரி, சுருண்ட முடி திரும்ப உள்ளே குத்துவதால் வருவது. ஐந்து பிளேடு ரேசர் முடியைத் தோலுக்குக் கீழே வெட்டி இதைக் கூட்டும். ஒரே பிளேடு அல்லது டிரிம்மர், முடி வளரும் திசையில். ஆல்கஹால் ஆஃப்டர்ஷேவ் தேவையே இல்லை.

கறையும் மங்கும்: பணம் அதிகம் கரையும் தட்டு

பரு விட்ட கறுப்பும் மங்கும் ஒன்றில்லை. பரு வந்த இடத்தில் மட்டும் புள்ளியாக நிற்பது முதலாவது. காலமும் சன்ஸ்கிரீனும் சேர்ந்தாலே பெரும்பாலும் கலையும், பூச்சு அதை விரைவுபடுத்தும். இரு கன்னத்திலும் நெற்றியிலும் மேலுதட்டிலும் வரைபடம் போல் படர்வது மங்கு. கர்ப்பம், கருத்தடை மாத்திரை, வெயில், அடுப்புச் சூடு எல்லாம் அதற்குத் தூண்டுகோல். அடங்கும், ஆனால் விட்டால் திரும்பும். 'இரண்டு வாரத்தில் மங்கு போகும்' என்று எழுதிய எதையும் அந்த வரிக்காகவே திருப்பி வைத்துவிடலாம்.

நியாசினமைட் முதல் தேர்வு. 4, 5 விழுக்காடு போதும். எண்ணெயையும் கொஞ்சம் குறைக்கும். தி ஆர்டினரியின் 10 விழுக்காட்டுக் குப்பி புகழ்பெற்றது, ஆனால் சிலருக்குச் சிவந்து பொங்கும், சன்ஸ்கிரீனோடு சேர்ந்து துகள் துகளாய் உருளும். அப்படி உருண்டால் அளவை இரண்டு சொட்டாகக் குறைத்து, காயவிட்டுப் பூசுங்கள், அல்லது இரவுக்கு மாற்றுங்கள்.

யூசரின் ஸ்பாட்லெஸ் வரிசையில் இருப்பது தயாமிடால். நிறமி உருவாக்கும் நொதியை அடக்கும் பொருள். கறைக்கென்று மருந்துச்சீட்டில்லாமல் கிடைப்பவற்றில் உருப்படியானது. காலை, இரவு இரண்டு வேளையும் பூசி 12 வாரம் பொறுக்க வேண்டும். விலைதான் இடிக்கும். யூசரினும் நிவியாவும் ஒரே பையர்ஸ்டோர்ஃப் நிறுவனத்துடையவை. நிவியாவின் லூமினஸ் 630 வரிசையிலும் இருப்பது இதே மூலப்பொருள். கண்ணில் பட்டால் பின்பக்கப் பட்டியலை ஒப்பிட்டுப் பாருங்கள்.

பருவும் கறையும் சேர்ந்தே இருப்பவருக்கும் கர்ப்பமாக இருப்பவருக்கும் அசெலாயிக் அமிலம். இரண்டையும் ஒரே களிம்பு கவனிக்கும். முதல் சில வாரம் ஊசி குத்துவது போல் அரிக்கும். மாய்ஸ்சரைசருக்கு மேல் பூசினால் குறையும். இந்தத் தட்டில் தகுதிக்குக் குறைவாகப் பேசப்படும் பொருள் இதுதான்.

வைட்டமின் சி சீரத்துக்கு இந்த ஊரில் பாதி மதிப்பெண்தான். சூட்டில் சீக்கிரம் பழுப்பாகிவிடும். டீ நிறத்துக்குப் போன குப்பியைப் பூசிப் பயனில்லை. வாங்கினால் சிறியதாக வாங்கிக் குளிர்பெட்டியில் வையுங்கள். முதல் செலவு இதுவாக இருக்க வேண்டாம்.

இனி எச்சரிக்கை. பசார் மாலாம் என்ற இரவுச் சந்தையிலும் இணையத்திலும் சில அழகுநிலையங்களிலும் லேபிள் இல்லாத டப்பாவில் விற்கும் 'நைட் கிரீம்' ஒரு வாரத்தில் முகத்தை வெளுக்கிறதென்றால் உள்ளே பாதரசமோ, ஹைட்ரோகுயினோனோ, ட்ரெட்டினாயினோ, ஸ்டீராய்டோ இருக்கக்கூடும். மூலப்பொருள் பட்டியல் இல்லாததும், 'நகையிலும் உலோகத்திலும் படக் கூடாது' என்ற குறிப்பும் பாதரசத்தின் அடையாளங்கள். பாதரசம் தோலோடு நிற்காது, சிறுநீரகத்துக்குப் போகும். பூசுபவரின் துண்டிலிருந்து வீட்டுக் குழந்தைக்கும் போகும். ஆசியான் அழகுப்பொருள் விதியில் அதற்கு அனுமதித்த எல்லை பத்து லட்சத்தில் ஒரு பங்கு.

மலேசியாவில் சட்டப்படி விற்கும் அழகுப்பொருளுக்கு என்ஓடி என்று தொடங்கிக் கே என்று முடியும் எண் உண்டு. மருந்துக்கு எம்ஏஎல் என்று தொடங்கும். தேசிய மருந்து ஒழுங்குமுறை நிறுவனமான என்பிஆர்ஏயின் இணையத்தளத்தில் அந்த எண்ணைத் தட்டிப் பாருங்கள், பெயரும் நிறுவனமும் பொருந்துகிறதா என்று. ஒரு நுணுக்கம்: என்ஓடி எண் என்பது விற்பனைக்கு முன் நிறுவனம் கொடுத்த அறிவிப்பு; அரசு பரிசோதித்துக் கொடுத்த சான்றிதழ் இல்லை. சந்தையில் எடுத்துச் சோதித்துத் தடைப்பொருள் கண்டால் அந்த எண்ணை ரத்து செய்து பட்டியலை வெளியிடுகிறார்கள். எனவே எண் இருக்கிறதா என்று மட்டும் பார்க்காமல், ரத்தாகவில்லையா என்றும் பாருங்கள்.

இந்தியாவுக்குப் போய் வருபவர்கள் பையில் கொண்டுவரும் டியூப்புகளும் இதே கணக்கில்தான். ஸ்டீராய்டும் ஹைட்ரோகுயினோனும் ட்ரெட்டினாயினும் மூன்றும் கலந்த களிம்பு மருத்துவர் குறுகிய காலத்துக்கு எழுதிக்கொடுப்பது. அதைச் 'சிகப்பழகு கிரீம்' என்று ஆண்டுக்கணக்கில் பூசுபவர்களுக்குத் தோல் மெலிந்து, நரம்பு தெரிந்து, வெயில் பட்டாலே எரிந்து, பூனைமுடி வளரும். நிறுத்தினால் பொங்கும், பொங்குவதால் மறுபடி பூசுவார்கள். இந்த நிலையில் உள்ளவர் தானாக நிறுத்தாமல் தோல் மருத்துவரிடம் போக வேண்டும்.

வறட்சி

இந்த ஈரப்பத ஊரில் வறட்சியா என்றால், எட்டு மணி நேரம் குளிர்சாதன அறையில் இருப்பவர்களுக்கு உண்டு. ஹாடா லாபோ லோஷனை ஈரமான முகத்தில், மூன்று நான்கு சொட்டு தட்டிவிட்டு மேலே மாய்ஸ்சரைசர் பூச வேண்டும். அதை மட்டும் பூசி விட்டால் குளிர் அறையில் முகம் மேலும் இழுக்கும். எண்ணெய்த் தோல்காரர்களுக்குப் பகலில் சன்ஸ்கிரீனே மாய்ஸ்சரைசராகப் போதும். எக்சிமா உள்ள கை காலுக்கு மலிவென்று பெரிய டப்பா அக்குவஸ் கிரீம் வாங்குகிறார்கள். அதன் பல வகைகளில் சோடியம் லாரில் சல்பேட் உண்டு. கழுவப் பயன்படுத்தலாம், பூசி விட்டுவிடுவது எரிச்சலைக் கூட்டும். அதே காசுக்கு வெறும் வாசலினே சிறந்தது. குளித்து மூன்று நிமிடத்துக்குள், ஈரம் இருக்கும்போதே.

கிரீம் வாங்கக் கூடாத இரண்டு சிக்கல்கள்

கழுத்து, அக்குள் மடிப்பில் வெல்வெட் போல் தடித்துக் கறுத்திருப்பதை அழுக்கு என்று பீர்க்கங்காய் நாரால் தேய்ப்பதும், அதற்கென்று வெளுப்புக் கிரீம் வாங்குவதும் வீண். தேய்க்கத் தேய்க்க இன்னும் தடிக்கும். இன்சுலின் சரியாக வேலை செய்யாததைத் தோல் காட்டும் அடையாளமாக அது இருக்கக்கூடும். கிளினிக் கெசிஹாத்தான் என்ற அரசு சுகாதார நிலையத்தில் குடிமக்களுக்கு 1 ரிங்கிட் கட்டணத்தில் மருத்துவரைப் பார்த்து இரத்தச் சர்க்கரை பரிசோதிக்கக் கேளுங்கள். எடையும் சர்க்கரையும் இறங்கினால் கழுத்தும் வெளுக்கும்.

இரண்டாவது, நெற்றிப் பொட்டு. ஸ்டிக்கர் பொட்டு வைக்கும் இடத்தில் முதலில் அரிப்பு, பிறகு வட்டமாக வெள்ளை விழுந்தால், பசையில் உள்ள பாரா டெர்ஷியரி பியூட்டைல் ஃபீனால் என்ற பொருள் அங்கே நிறமி அணுக்களைக் கொல்கிறது. வட்டம் கறுத்தால் குங்குமத்தில் உள்ள சாயத்துக்கு ஒவ்வாமையாக இருக்கலாம். இரண்டுக்கும் முதல் வேலை அதை நிறுத்துவது. வெள்ளை விழுந்த இடத்தில் மேலும் பெரிய பொட்டாக வைத்து மறைப்பவர்கள் உண்டு; அந்த வட்டம் பொட்டோடு சேர்ந்து பெரிதாகும். பிராண்டை மாற்றிப் பார்ப்பதும் உதவாது, பசை பெரும்பாலும் ஒரே வகை. தோல் மருத்துவர் பார்க்கும்வரை ஐப்ரோ பென்சிலால் சின்னதாக வரைந்துகொள்ளலாம். மருத்துவரிடம் போகும்போது பழைய பொட்டு அட்டையையும் குங்குமச் சிமிழையும் கையோடு எடுத்துப்போங்கள், ஒட்டுப் பரிசோதனைக்கு அவர் கேட்பார்.